மணியில் வெட்டிய பெயர்

ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு யார் ஒரு செம்பு கொடுத்தாலும் சரி, ஒரு குத்துவிளக்குக் கொடுத்தாலும் சரி, கொடுத்தவர் பெயரை எழுதாமல் விடமாட்டார்கள். கோயிலுக்குள் மேலே ஒரு மின்விசிறி தொங்குகிறது. அக்கரப்பத்தனைக் குளிரில் விசிறி எதற்கு என்று கேட்கக்கூடாது. கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். அதன் மூன்று இறக்கைகளிலும் 'உபயம்' என்று தொடங்கி ஹட்டன் கடைக்காரர் ஒருவரின் குடும்பமே வரிசையாக இருக்கிறது. போட்டால் பெயர் தெரியாது என்பதற்காகவே அந்த விசிறியை யாரும் போடுவதில்லை. ஒருவரிடம் வாங்கிவிட்டு அதை வெளியில் சொல்லாமல் இருப்பதைப்போல மரியாதை கெட்ட காரியம் அந்தத் தோட்டத்தில் வேறு கிடையாது.

அந்தப் பழக்கத்தை நம்பித்தான் அந்த வெள்ளிக்கிழமை பகல் சுதர்ஷினி டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் கோயில் மேட்டுக்கு ஏறினாள். அன்று மாலை ஐந்து மணிக்குள் அவள் கையில் ஓர் ஆதாரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை அக்கரப்பத்தனையிலிருந்து உடப்புசல்லாவை வரைக்கும் எல்லாத் தோட்டங்களிலும் மஞ்சள் மாத்திரை கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

சுதர்ஷினி அந்தத் தோட்டத்துத் தாதி. அங்கேயே தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். மூன்று வருடங்களுக்கு முன்னால் கொழும்பிலிருந்து பேராசிரியர் சோமசுந்தரம் வந்தார். ஹட்டன் பஜாரில் புடைவைக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. பெரிய படிப்புப் படித்தவர். கொழுந்து சுமக்கும் பெண்களின் முதுகுவலிக்கும் முழங்கால் வலிக்கும் ஒரு புது மாத்திரை வந்திருக்கிறது, அதை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப்போகிறோம், நீயும் எங்களோடு சேர்ந்துகொள் என்றார். அவரோடு கோகுலராஜ் என்று ஒருவன் வந்தான். மாத்திரை செய்யும் நெல்வாரா மருந்துக் கம்பனியின் ஆள். நல்ல சட்டை, நல்ல பேச்சு. முதல் வாரத்திலேயே சுதர்ஷினிக்கு ஒரு மடிக்கணினியைக் கொடுத்தான். வேலைக்குத்தானே என்று வாங்கிக்கொண்டாள்.

ஆனால் பெண்கள் வரவில்லை. இருநூறு பேர் வேண்டும். வந்தது பதினேழு பேர். கோகுலராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது சுதர்ஷினிதான் ஒரு யோசனை சொன்னாள்.

"கோயில் மணி வெடிச்சுப்போய்க் கெடக்குங்க. திருவிழாவுக்கு முந்தி ஒரு புது மணி வாங்கிக் குடுத்தீங்கன்னா, பொம்பளைங்க எல்லாரும் வந்துருவாங்க."

மணி வந்தது. பெண்களும் வந்தார்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பேர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வைத்துத் தினமும் சுதர்ஷினி கையாலேயே மாத்திரை கொடுத்தாள். ஆறாவது மாதம் முடிவதற்குள் ஒன்பது பேருக்குக் கால் வீங்கியது. ஒன்பதையும் எழுதிக்கொடுத்தாள். "உப்புக் கருவாடு சாப்பிடுகிற சனம், கால் வீங்கத்தான் செய்யும்" என்றார் பேராசிரியர். கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றில் வந்தபோது அந்த ஒன்பது பேரும் அதில் இல்லை. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில், இந்த ஆராய்ச்சிக்கு எந்த மருந்து நிறுவனமும் உதவவில்லை, எழுதிய ஐந்து பேருக்கும் அறிவிக்க வேண்டிய தொடர்பு எதுவும் இல்லை என்று இருந்தது. ஐந்தில் நான்காவது பெயர் சுதர்ஷினி. அந்தப் படிவம் அவளுக்கும் வந்திருந்தது. இந்த மருந்தால் லாபம் அடையக்கூடிய எவரிடமிருந்தாவது நீங்கள் ஏதாவது பெற்றிருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டுக் கையெழுத்து வைத்தாள். எல்லாரும் போடுவதுதான் என்று பேராசிரியர் சொன்னார். தன் பெயரை அச்சில் பார்க்கும் அவசரத்தில் அவளும் இரண்டாம் முறை வாசிக்கவில்லை.

கால் வீங்கிய ஒன்பது பேரில் ஒருத்தி அவளுடைய சொந்த அக்கா லோஜினி.

ஆராய்ச்சி முடிந்த பிறகும் கோகுலராஜ் மாத்திரை அனுப்பிக்கொண்டே இருந்தான், லோஜினியும் போட்டுக்கொண்டே இருந்தாள். வீக்கம் முழங்காலுக்கு ஏறிய பிறகு நுவரெலியாவில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்த டொக்டர் பிரியந்தி நல்ல மனுஷி, தோட்டங்களுக்குப் போகும் மருந்துகளுக்கும் அவள்தான் பொறுப்பு. சந்தேகப்பட்டு, தன் தொலைபேசியில் அந்தக் கட்டுரையைத் தேடி எடுத்து, கடைசிப் பக்கம் வரை வாசித்தாள். "சிறுநீரகத்துக்கு ஒரு பாதிப்பும் இல்லைன்னு தெளிவா போட்டிருக்காங்க. கம்பனி காசுல செஞ்சதும் இல்ல, நம்பலாம். மாத்திரையத் தொடர்ந்து போடுங்க" என்றாள். பக்கத்தில் நின்ற சுதர்ஷினி மருந்துச் சீட்டை வாங்கி மடித்துக்கொண்டாள். நான்காவது பெயர் தன்னுடையது என்று சொல்லவில்லை. அப்போது வாயைத் திறந்திருந்தால், அதற்குப் பிறகும் அக்கா மாத்திரை போட்ட ஐந்து மாதம் மிஞ்சியிருக்கும். இப்போது லோஜினி கிழமைக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்தம் செய்யக் கண்டிக்குப் போய்வருகிறாள்.

அதற்குப் பிறகுதான் சுதர்ஷினி டொக்டர் பிரியந்தியின் காலில் விழாத குறையாக எல்லாவற்றையும் கொட்டினாள். பிரியந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் சொன்னாள்: "திங்கக்கிழமை தொடங்குறத நான் சும்மா நிறுத்த ஏலாது. எல்லாரும் அந்தக் கட்டுரையத்தான் காட்டுறாங்க. இதுல சந்தேகம் இருக்குன்னு அந்தச் சஞ்சிகையே ஒரு வரி போடட்டும், அடுத்த நிமிஷம் நிறுத்துறேன்."

நடந்ததை எழுதிச் சஞ்சிகைக்கு முறைப்பாடு அனுப்பினாள். பதில் வந்தது. கம்பனி உதவியது என்பதற்குப் பதினான்கு நாளுக்குள் எழுத்தில் ஆதாரம் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் முறைப்பாட்டை மூடிவிடுவார்களாம். ஆதாரத்துக்கு எங்கே போவது? கோகுலராஜ் கொடுத்தது எல்லாம் கையோடு கை. ஒரு துண்டுக் கடுதாசி கிடையாது. மடிக்கணினியைக்கூடப் போன மாதம் 'பழுதுபார்க்க' என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான். பதின்மூன்று நாள் தூக்கமில்லாமல் கிடந்துவிட்டு, பதினான்காம் நாள் காலையில்தான் அவளுக்குக் கோயில் ஞாபகம் வந்தது. மணிக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருந்தார்களே!

பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆணிகள்தான் இருந்தன.

கோயில் தலைவர் சோலைமலை உள்ளே விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்க வந்து நின்றதைப் பார்த்துப் பயந்துபோனார்.

"என்னா புள்ள, லோஜினிக்கு ஏதாச்சுமா?"

"இல்ல மாமா. இங்க ஒரு பலகை இருந்திச்சே, கம்பனி உபயம்னு. அது எங்க?"

"அதுவா? அந்தக் கோகுலராஜ் தம்பி ரெண்டு மாசத்துக்கு முந்தி வந்து, கம்பனிக்கு வெளம்பரம் புடிக்காது, கழட்டிருங்க மாமான்னு சொல்லிச்சு. கழட்டிட்டோம்."

"கழட்டி?"

"மழைக்காலம் பாரு. பொங்கல் வைக்கையில அடுப்புல வச்சிட்டாங்க."

சுதர்ஷினி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. அக்காவின் சிறுநீரகம், பதின்மூன்று இராத்திரி, உடப்புசல்லாவை வரைக்கும் இருக்கிற அத்தனை பெண்களின் கால்கள், எல்லாம் ஒரு பொங்கல் பானைக்கு அடியில் எரிந்து போயிருந்தன. கோகுலராஜை அப்போது கண்டிருந்தால் கல்லை எடுத்திருப்பாள்.

சோலைமலை அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இந்தப் பிள்ளை எதற்கு இப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

"பலகை போனா போகட்டும் புள்ள. மணியில வெட்டுனத யாரு என்னா பண்ண முடியும்?"

"மணியிலயா?"

"பின்ன? உபயம்னு வந்தா வெட்டாம விடுவமா? தம்பி வேணாம்னுதான் சொல்லிச்சு. அதுக்குத் தெரியாமத்தான் கண்டியில குடுத்து வெட்டுனோம். வாங்கிட்டுப் பேர மறைக்க நம்மளால முடியுமா? அந்தக் கெழமைதான் நீ கொழும்புல ட்ரெயினிங்கு. எழுத்து பள்ளத்துப் பக்கம் திரும்பித் தொங்குது, அதான் ஒனக்குத் தெரியல."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஏணியைத் தேடிப் போய்விட்டாள்.

மணி நான்கு இரும்புக் கால்களின் மேல் இரண்டு ஆள் உயரத்தில் தொங்கியது. தூறல் பிடித்திருந்தது. ஏணி வழுக்கியது, கீழே சோலைமலை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பாத்து புள்ள, பாத்து" என்று சத்தம் போட்டார். அவள் மணியை இரண்டு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பினாள். பாசி ஏறியிருந்த எழுத்துகளை முந்தானையால் துடைத்தாள். மூன்று வரிகள் இருந்தன.

மஞ்சள் மாத்திரை ஆராய்ச்சியின் ஞாபகார்த்தமாக, ஊசிமலைத் தோட்டத் தாய்மாருக்கு,
நெல்வாரா மருந்துக் கம்பனி உபயம்.
வழிசெய்தவர்: எமது தோட்டத்து மகள், தாதி ப. சுதர்ஷினி.

முதல் இரண்டு வரிகளை வாசித்தபோது அவளுக்கு உயிர் வந்தது. வருடமும் மாதமும்கூடக் கீழே ஒழுங்காக வெட்டியிருந்தார்கள். மூன்றாவது வரியை வாசித்தபோது ஏணி ஆடியதா, அவள் ஆடினாளா என்று தெரியவில்லை.

"எப்புடி?" என்று கீழேயிருந்து சோலைமலை கேட்டார். அவர் குரலில் அவ்வளவு பெருமை. "ஒனக்கு நாங்க என்னா செய்ய முடியும்? பேரையாச்சும் வெட்டுவோம்னு கமிட்டியில எல்லாருமா முடிவு பண்ணுனோம். ஒனக்கே தெரியாம இருக்கட்டும்னு விட்டுட்டோம்."

அவள் படம் எடுத்தாள். தூறலில் மூன்று படங்கள் கலங்கின. நான்காவது தெளிவாக விழுந்தது.

இறங்கும்போதே தொலைபேசி அடித்தது. பேராசிரியர் சோமசுந்தரம். முறைப்பாட்டைப் பற்றிச் சஞ்சிகைக்காரர்கள் அவருக்கும் எழுதியிருந்தார்கள்.

"சுதர்ஷினி, உன்மேல் எனக்குக் கோபம் இல்லை அம்மா" என்று தொடங்கினார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "உன் அக்காவின் நிலைமை எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒன்றை யோசி. அந்தப் படிவத்தில் 'இல்லை' என்று போட்டவள் நீயும்தான். நான் பேராசிரியர், எப்படியும் சமாளித்துக்கொள்வேன். நீ லயத்திலிருந்து வந்த பெண். பொய்க் கையெழுத்துப் போட்ட தாதி என்று ஒருமுறை பெயர் கெட்டால் உனக்கு எந்த ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும்?"

"மாத்திரைய நிறுத்தச் சொல்லுங்க சார். நான் எதுவும் அனுப்பாம விட்டுர்றேன்."

"அது என் கையில் இல்லை அம்மா."

அவர் கையில் இல்லையாம். கையெழுத்துப் போட மட்டும் அந்தக் கை இருந்திருக்கிறது. அவள் தொலைபேசியை அணைத்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில், லயத்துக் கோடியில் நின்று, படத்தின் அடிப்பகுதியை வெட்டினாள். விரலால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். மூன்றாவது வரி போய்விட்டது. மாத்திரையின் பெயர் இருந்தது, கம்பனியின் பெயர் இருந்தது. ஆதாரத்துக்கு இது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தானும் வேலையை விட்டுப் போனால் அக்காவைக் கண்டிக்குக் கூட்டிப்போவது யார் என்றும் கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்வியில் பொய் ஒன்றும் இல்லை.

லோஜினி கட்டிலில் சாய்ந்திருந்தாள். ஒரு நாளைக்கு இரண்டு கிளாஸ் தண்ணீருக்கு மேல் குடிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தேத்தண்ணியும் அந்தக் கணக்குக்குள்தான். பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து எடுத்தவள் இப்போது ஒரு மடக்குத் தேத்தண்ணியை வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். சுதர்ஷினி தொலைபேசியை நீட்டினாள். லோஜினி கண்ணைச் சுருக்கி வாசித்தாள்.

"மூணாவது வரி எங்கடி?"

சுதர்ஷினிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"தோட்டத்துக்கே தெரியும். மணி லொறியில வந்த அன்னிக்குக் கோயில் வாசல்ல எறக்கி வச்சு, சத்தமா வாசிச்சாங்களே. ஒன் பேரு இருக்கங்காட்டியும்தான் வீரம்மாக்கா எல்லாம் மாத்திரைக்கு வந்திச்சு. கம்பனிய யாருக்குடி தெரியும்? மடுவத்துல வரிசையில நிக்கையில நான் ஒன் மூஞ்சியப் பாத்துத்தான் முழுங்குனேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். சுதர்ஷினி கட்டிலின் கால்பக்கம் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்காவின் வீங்கிய கால் அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தது. லோஜினி அவளைத் தேற்றவில்லை. தேற்றுகிற தெம்பு அவளிடம் இல்லை.

நாலே முக்காலுக்குச் சுதர்ஷினி முழுப் படத்தையும் அனுப்பினாள். கீழே எழுதினாள்: மணி வாங்கித்தரச் சொன்னவள் நான். மூன்றாவது வரியில் இருப்பது என் பெயர். படிவத்தில் நான் போட்ட கோடு பொய். கால் வீங்கிய ஒன்பது பேரின் பெயர்களும் இதோ. ஒன்பது பெயர்களையும் எழுதினாள். ஐந்தாவதாக அக்காவின் பெயர் வந்தபோது நிறுத்தி, அதையும் எழுதினாள்.

சனிக்கிழமை தோட்டத்து மானேஜர் துரையிடமிருந்து கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை டிஸ்பென்சரிக்கு வரவேண்டாம். செய்தி அவ்வளவு வேகமாக எப்படிப் போனது என்று அவள் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சஞ்சிகையின் பதில் வந்தது. ஆதாரத்துக்கு மிக்க நன்றி என்று எழுதியிருந்தார்கள். விசாரணை தொடங்கிவிட்டது, முடிய ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம், அதுவரை கட்டுரையின் மேல் எந்தக் குறிப்பும் போட முடியாது.

அவள் அந்தப் பதிலை மூன்று தடவை வாசித்தாள். பிறகு டொக்டர் பிரியந்தியை அழைத்தாள். "ஒரு வரி போடலையா? ஒரே ஒரு வரி?" என்று பிரியந்தி கேட்டாள். இல்லை என்றதும், "அப்படின்னா நாளைக்குத் தொடங்குறத என்னால நிறுத்த ஏலாது" என்றாள். ஆறு மாதம் என்பது, கிளினிக்குக்குப் போய்வந்த பிறகு லோஜினி மாத்திரை போட்ட ஐந்து மாதத்தைவிட ஒரு மாதம் கூட.

திங்கட்கிழமை பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குக் கோகுலராஜின் வான் வண்டி மடுவத்துக்கு வந்தது. புதுத் தாதி ஒருத்தி, சின்னப் பெண், நுவரெலியாவிலிருந்து வந்திருந்தாள். மேசை போட்டு, தட்டில் மஞ்சள் மாத்திரைகளைப் பரப்பினாள். கொழுந்தை நிறுத்துவிட்டு வந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். லோஜினி எப்போதும் நிற்கும் இடம், தூணுக்குப் பக்கத்தில், காலியாக இருந்தது.

சுதர்ஷினி மடுவத்துக்குள் கால் வைக்கக்கூடாது. வைக்கவும் இல்லை. வரிசைக்கு எதிரே பாதையில் நின்றுகொண்டு, தொண்டை கிழியச் சொன்னாள். மணியைப் பற்றிச் சொன்னாள், கையெழுத்தைப் பற்றிச் சொன்னாள், ஒன்பது பேரைப் பற்றிச் சொன்னாள்.

"வேலை போன ஆத்திரத்துல பேசுறாங்க. யாரும் கணக்குல எடுக்காதீங்க" என்றான் கோகுலராஜ் சிரித்துக்கொண்டே.

வரிசையில் முதலில் நின்றவள் வீரம்மா. ஐம்பது வயது, முப்பது வருடமாகக் கூடை சுமந்த முதுகு. சுதர்ஷினி சொன்ன சஞ்சிகை, படிவம், கட்டுரை எதுவும் அவளுக்கு விளங்கியிருக்க நியாயம் இல்லை.

"கம்பனி குடுத்த மணின்னு எங்களுக்குத் தெரியுமே தங்கச்சி" என்றாள். "படிச்சவங்களுக்கா தெரியாமப் போச்சு?"

வீரம்மா தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"சரி, இது வேணாம்னா முதுகு வலிக்கு வேற என்னா தருவ?"

"ஒண்ணுமில்லக்கா" என்றாள் சுதர்ஷினி. "எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

புதுத் தாதி மாத்திரையை வீரம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். வீரம்மா அதை விழுங்கவில்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. பழையபடி கையை ஏந்திக்கொண்டு சுதர்ஷினியின் முகத்தைப் பார்த்தாள். மூன்று வருடங்களுக்கு முன்னால் இதே இடத்தில், இதே மாதிரி அவள் பார்த்தபோது, போட்டுக்கங்கக்கா என்று சுதர்ஷினி சிரித்துத் தலையாட்டியிருந்தாள்.

இப்போது வேண்டாம் என்று தலையசைத்தாள்.

வீரம்மா மாத்திரையைத் தட்டில் போட்டுவிட்டு, ஒரு கையால் முதுகைப் பிடித்துக்கொண்டு விலகி நடந்தாள். அவளுக்குப் பின்னால் நின்றவள் முன்னுக்கு வந்து கையை நீட்டினாள். மாத்திரை கையில் விழுந்ததும் அவளும் நிமிர்ந்து பாதையைப் பார்த்தாள். வரிசை மடுவத்தைத் தாண்டி வளைவு வரைக்கும் நின்றது. ஒவ்வொருத்தியும் வந்து பார்ப்பாள் என்று சுதர்ஷினிக்குத் தெரிந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.